பாளையங்கோட்டை வெயிலில் ஒரு குட்டை அழகு மரம்: பவளமல்லி நட்டு வளர்க்க முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் இருக்கிற என் சித்தி மகள் தன் வீட்டு முன்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். கார் நிற்கிற இடம் போக மிஞ்சிய பத்தடியில் ஒரு மரம். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அடிமரம் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளை, கிளையெல்லாம் குடை கவிழ்ந்த மாதிரி தரையை நோக்கித் தொங்குகிறது. பெயர் பிர்ச்சாம். “அண்ணே, பாளையங்கோட்டை வீட்டு முன்னாலயும் இப்படி ஒண்ணு வைங்களேன், செடி வாங்கி அனுப்பட்டுமா?” என்று கேட்டாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இறக்குமதி அனுமதியும் நோயில்லை என்ற சான்றும் இல்லாமல் உயிர்ச்செடியை இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது என்பது ஒன்று. வந்தாலும் பிழைக்காது என்பது இன்னொன்று. பிர்ச் குளிர்நாட்டு மரம். இலை உதிர்ந்து, உறைபனியை ஒட்டிய குளிரில் பல வாரம் தூங்கினால்தான் அதன் மொட்டு விழிக்கும். நமக்கு மார்கழி விடியற்காலையிலேயே 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். அதன் வேர் மேலாக ஓடுகிற வேர், குளுமையான ஈரமண் கேட்கும். சித்திரையில் செருப்பில்லாமல் நம் முற்றத்தில் நின்று பார்த்தால் அந்த வேர் என்ன பாடுபடும் என்று தெரிந்துவிடும்.

ஆனால் அந்த மரம் நமக்கு முழுக்க அன்னியம் என்று சொல்ல முடியாது. இமயமலையில், மரங்களே நின்றுபோகிற உயரத்தில், அதன் உறவு ஒன்று வளர்கிறது. பூர்ஜ மரம் என்பார்கள். நமக்குப் பனையோலை எப்படியோ, காஷ்மீரத்துக்காரர்களுக்கு அந்தப் பட்டை அப்படி. உரித்து, பதப்படுத்தி, அதில்தான் சுவடி எழுதினார்கள். 1881-இல் பெஷாவர் பக்கம் பக்‌ஷாலி என்ற ஊரில் மண்ணைத் தோண்டும்போது கிடைத்த கணக்குச் சுவடி அந்தப் பட்டையில் எழுதியதுதான். சுழியத்துக்கு அதில் ஒரு புள்ளி வைத்திருக்கிறார்கள். பனங்காட்டுக்காரனுக்கு இதைக் கேட்டதும் அந்த மரத்தின்மேல் ஒரு சொந்தம் வந்துவிடுகிறது. அதற்காக அதைப் பிடுங்கிவந்து வெயிலில் வைக்க வேண்டாம்.

சரி, அந்தப் படத்தில் நமக்குப் பிடித்தது என்ன? பத்தடிக்குள் நிற்கிற உயரம், ஒல்லியான அடிமரம், வெளிச்சத்தை அடைக்காமல் சல்லடை போட்டு விடுகிற நிழல், தொங்குகிற கிளை. இவ்வளவையும் நம் ஊரில் ஏறக்குறைய தருவது பவளமல்லி. கூடவே வாசனையும் தரும், பிர்ச்சுக்கு அது கிடையாது. பட்டை உரிகிற வெள்ளை மரம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்குத் தாமிரபரணிக் கரையில் நிற்கும் நீர்மருதைக் காட்டுவேன். அது வீட்டையே விழுங்குகிற மரம், ஆற்றங்கரையிலேயே இருக்கட்டும். வீட்டுக்குள் பட்டை அழகு வேண்டுமென்றால் கொய்யாவை ஒற்றைத் தண்டாக ஏற்றி வளர்த்துப் பாருங்கள். வழவழவென்று உரியும் அந்தப் பட்டையை யாரும் கவனிப்பதே இல்லை.

இனி பவளமல்லி.

இடம் பார்ப்பது

மதில் சுவரிலிருந்து நாலடி, கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் தண்ணீர்த் தொட்டியிலிருந்தும் எட்டடி தள்ளி வையுங்கள். மேலே மின்கம்பி போகக்கூடாது. ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் வெயில் விழ வேண்டும். முழு நிழலில் செடி வளரும், பூக்க யோசிக்கும். கிழக்கு வெயில் விழுந்து, மூன்று மணிக்கு மேல் வீட்டு நிழல் விழுகிற இடம் கிடைத்தால் அதுதான் உத்தமம்.

இன்னொன்று, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இது இருட்டியபின் பூத்து விடியலில் தானாக உதிர்கிற மரம். கீழே கார் நின்றால் கண்ணாடி முழுக்கப் பூ ஒட்டும். சாக்கடை ஓடினால் பூவெல்லாம் அதற்குள் போகும். கீழே பெருக்கிச் சுத்தமாக வைக்க முடிகிற நாலடி தரை வேண்டும். படுக்கையறை சன்னல் பக்கம் கிடைத்தால் விடாதீர்கள்.

மண்ணைத் தெரிந்துகொள்வது

நெல்லைச் சீமையில் மண் ஊருக்கு ஊர் மாறும். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி ஆற்றோரம் என்றால் வண்டல், எதை நட்டாலும் வரும், உங்களுக்கு இந்தப் பகுதியே தேவையில்லை. மானூர், கங்கைகொண்டான் பக்கம் கரிசல். கோடையில் கை நுழைகிற அளவு வெடிக்கும், ஐப்பசியில் களியாகித் தண்ணீர் கட்டும். திசையன்விளைப் பக்கம் தேரிச் செம்மண், ஊற்றிய தண்ணீர் நிமிடத்தில் காணாமல் போகும்.

இவை எல்லாவற்றையும்விட மோசமான மண் ஒன்று உண்டு. புதிதாகக் கட்டிய வீட்டு முற்றத்து மண். என் வீட்டில் கடப்பாரையைப் போட்டதும் ‘ணங்’ என்றது. அரையடிக்குக் கீழே செங்கல் துண்டு, சிமெண்டுக் காரை, ஓட்டுச்சில், துருப்பிடித்த கம்பி, யாரோ குடித்துப்போட்ட தண்ணீர் பாட்டில் என்று ஒரு காட்சிசாலையே இருந்தது. கட்டியவர் இடிபாட்டையெல்லாம் கொட்டி, மேலே செம்மண் பரப்பி மூடிவிட்டுப் போயிருக்கிறார். அதை நான் முதல் தடவை தோண்டிப் பார்க்காமல் கையகலக் குழியில் நட்டேன். ஒரு வருடத்தில் கொழுந்து இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. காரைச் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிட, மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியவில்லை. அதனால் குழி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது.

குழி

இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். இடிபாடு வந்தால் இன்னும் அரையடி தள்ளித் தோண்டி, வந்ததை எல்லாம் வெளியே போடுங்கள். மேல்மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் குவியுங்கள்.

தோண்டி முடித்ததும் குழியில் நாலைந்து குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். சாயங்காலத்துக்குள் வடிந்துவிட்டால் கவலையில்லை. மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் வடிகால் இல்லை என்று பொருள். பவளமல்லி வறட்சியைத் தாங்கும், காலடியில் தேங்குகிற தண்ணீரைத் தாங்காது. அப்படிப்பட்ட இடத்தில் குழியை நம்பாமல், ஒன்று ஒன்றரை அடி உயரத்துக்கு மண் மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். கரிசலில் எப்படியும் மேடுதான் நல்லது.

குழியைப் பத்து நாள் வெயிலில் காயவிடுங்கள். அப்புறம் நிரப்பும் கலவை: மேல்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, வடிகால் போதாத மண்ணாக இருந்தால் ஆற்று மணல் அரைப் பங்கு. வேப்பம் புண்ணாக்கு கால் கிலோ. தேரி மண்ணுக்கு மணல் வேண்டவே வேண்டாம், தொழுவுரத்தை இரண்டு பங்காக்குங்கள். அடியில் கதம்பையை, அதாவது தேங்காய் உரிமட்டையை, நார்ப்பக்கம் மேலே பார்க்க ஒரு வரிசை அடுக்கினால் தண்ணீரைப் பிடித்துவைத்துக் கொடுக்கும். கரிசல்காரர்கள் இந்தக் கதம்பை வேலையை விட்டுவிடலாம்.

சாணியைப் பச்சையாகப் போடாதீர்கள். சூட்டில் வேர் கருகும், கரையான் வரும்.

செடி வாங்குவது

நர்சரியில் பவளமல்லி என்று கேட்டால் கொடுப்பார்கள், பாரிஜாதம் என்று கேட்டாலும் இதுதான். சரியான செடிதானா என்று பார்க்கக் கையே போதும். இலையின் மேல்பக்கத்தைத் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். இளங்குச்சியை விரலுக்கிடையில் உருட்டினால் உருளாது, நாலு பட்டையாக இருக்கும். பெயர்தான் மல்லி என்றில்லை, உண்மையிலேயே மல்லிகைக் குடும்பத்து மரம் இது.

நான் இரண்டாவது தடவை ஏமாந்தது இங்கேதான். மூன்றடிச் செடி, தளதளவென்று இருக்கிறதே என்று தூக்கிவந்தேன். கறுப்புக் கவருக்குள் அது எத்தனை வருடம் கிடந்ததோ தெரியாது. நட்டு ஒன்றரை வருடமாகியும் ஓரடி வளரவில்லை. லேசாக ஆட்டினேன், கையோடு வந்துவிட்டது. வேரெல்லாம் கவர் வடிவத்திலேயே முறுக்குச் சுற்றின மாதிரி சுற்றிக்கொண்டு நின்றது, ஒரு வேர்கூட வெளியே எட்டிப் பார்க்கவில்லை. அதிலிருந்து நான் ஒன்றரை அடிக்கு மேல் செடி வாங்குவதில்லை. கவரின் அடியில் தடித்த வேர் வெளியே வந்து தரையைப் பிடித்திருந்தால் அந்தச் செடியை விட்டுவிடுங்கள். அண்ணாச்சி முகம் கொஞ்சம் மாறினாலும் பரவாயில்லை, கவரைப் பக்கவாட்டில் கொஞ்சம் விலக்கி வேரைப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.

பக்கத்து வீட்டில் மரம் இருந்தால் காசே வேண்டாம். தை, மாசியில் தட்டையான பழுப்புக் காய் நிறையத் தொங்கும். உரித்தால் அறைக்கு ஒன்றாக இரண்டு விதை. அந்த வருடத்து விதையாகப் பார்த்து அரை அங்குல ஆழத்தில் ஊன்றி ஈரம் காயாமல் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் முளை காணலாம். பொறுமையில்லாதவர்கள் மழைக்காலத்தில் பென்சில் கனக் குச்சியை முக்கால் அடிக்கு வெட்டி ஊன்றலாம். பாதி பிழைக்கும் என்று வைத்துக்கொண்டு நாலு குச்சி கூடுதலாக ஊன்றுங்கள். விதைக் கன்றைவிட இது சீக்கிரம் பூக்கும்.

எப்போது நடுவது

புரட்டாசிக் கடைசி. வடகிழக்கு மழை இறங்குவதற்கு இரண்டு வாரம் முன்னால் நட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை பாதி வேலையைச் செய்துவிடும். கோடை வருவதற்குள் வேர் பிடித்திருக்கும்.

ஆனி, ஆடியில் மட்டும் நடாதீர்கள். குற்றாலத்தில் சாரல் விழுகிறதே என்று ஆசைப்பட்டு இங்கே நடுபவர்கள் உண்டு. சாரல் தென்காசிப் பக்கத்துக்கு, நமக்கு வருவது காற்று மட்டும்தான். செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து இரண்டு மூன்று மாதம் விடாமல் அடிக்கிற காற்று. கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலை சுற்றுவது அதில்தான். இளஞ்செடியின் இலையிலிருந்து ஈரத்தை அது உறிஞ்சி எடுத்துவிடும், தண்ணீர் ஊற்ற ஊற்றச் செடி வாடும்.

நடுவது

சாயங்காலம் நடுங்கள். கவரைப் பிளேடால் கீறி எடுங்கள், செடியைப் பிடித்து இழுக்காதீர்கள். வேர் லேசாகச் சுற்றியிருந்தால் மண்கட்டியின் பக்கவாட்டில் மூன்று இடத்தில் மேலிருந்து கீழாகக் கத்தியால் கோடு போட்டமாதிரி கீறிவிடுங்கள். பார்க்க மனசு கேட்காது, ஆனால் வெட்டுப்பட்ட இடத்திலிருந்துதான் புதுவேர் வெளியே ஓடும்.

கவரில் எந்த மட்டம் வரை மண் இருந்ததோ, குழியிலும் அதே மட்டம். தண்டை ஆழமாகப் புதைத்தால் பட்டை அழுகும். நிரப்பிய மண் ஒரு மழையில் இரண்டு அங்குலம் அமுங்கும் என்பதால் நடும்போது சற்று மேடாகவே வையுங்கள். காலால் மிதித்துச் சிமெண்டுத் தரை ஆக்கவேண்டாம், கையால் அழுத்தினால் போதும்.

ஊன்றுகோலை மேற்குப் பக்கம் நடுங்கள். காற்று அந்தப் பக்கமிருந்து வரும்போது செடி கோலைவிட்டு விலகிச் சாயும், கோலில் உரசிப் பட்டை தேயாது. கட்டுவதற்குப் பழைய வேட்டிக் கரை நல்லது. கோலுக்கும் தண்டுக்கும் நடுவில் எட்டுப் போட்டமாதிரி தளர்வாகக் கட்டுங்கள். கம்பியோ நைலான் கயிறோ ஒரு வருடத்தில் தண்டை அறுத்துவிடும்.

தண்ணீர்

மழை இல்லாவிட்டால் முதல் இரண்டு வாரம் தினமும் ஒரு குடம். பிறகு இரண்டு மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் கோடையில் மூன்று நாளைக்கு ஒருமுறை இரண்டு குடம். இரண்டாம் கோடையிலிருந்து வாரம் ஒருமுறை மூன்று குடம் போதும். தினமும் வாளியில் கொஞ்சம் தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு வயிறு நிறையக் கொடுப்பதுதான் வேரைக் கீழே இறக்கும். தண்டிலிருந்து ஓரடி தள்ளி வட்டமாகப் பாத்தி கட்டி அதில் ஊற்றுங்கள், தண்டில் படவேண்டாம். பாத்தியின்மேல் காய்ந்த தென்னோலையோ வாழைச் சருகோ மூன்று அங்குலம் மூடாக்குப் போட்டால் ஒரு குடம் மிச்சம்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் இலை ஓரம் தீய்ந்து பழுப்பாகும். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மாடித் தண்ணீர்க் குழாயைப் பாத்திப் பக்கம் திருப்பிவிட்டால் வருடம் முழுக்கச் சேர்ந்த உப்பு கழுவிப்போகும்.

கத்தரிக்கோல்தான் மரத்தைச் செய்கிறது

பவளமல்லியை அதன் போக்கில் விட்டால் அது மரமாகாது, புதராகும். பத்துப் பதினைந்து தண்டு கிளம்பி முற்றத்தை அடைத்துக்கொள்ளும். நம் ஊரில் பல வீட்டில் அப்படித்தான் நிற்கிறது, அதனால்தான் இதை யாரும் அழகு மரம் என்று நினைப்பதில்லை.

சித்தி மகள் வீட்டுப் பிர்ச்சில் ஒரு தந்திரம் இருக்கிறது. அந்தத் தொங்கு ரகத்தை ஆள் உயரத் தண்டின் தலையில் ஒட்டுப் போட்டிருப்பார்கள். ஒட்டுக்கு மேலே அது உயர்வதைவிடக் கவிழ்ந்து தொங்குவதுதான் அதிகம், எனவே எவ்வளவு உயரத்தில் ஒட்டினார்களோ ஏறக்குறைய அவ்வளவுதான் மரம். நாம் ஒட்டுக் கட்டப்போவதில்லை. அதே வேலையைக் கத்தரிக்கோலால் செய்யலாம்.

முதல் வருடம் எதையும் வெட்டாதீர்கள். இலை இருந்தால்தான் வேர் ஓடும். இரண்டாம் வருடம் தை மாதம், பூ ஓய்ந்தபின், உட்கார்ந்து நிதானமாகப் பாருங்கள். நேராக, தடிமனாக நிற்கிற ஒரு தண்டைத் தேர்ந்தெடுத்து மற்றதை அடியோடு எடுத்துவிடுங்கள். பிர்ச்சைத் தோப்பாகக் காட்ட வெள்ளைக்காரர்கள் மூன்று தண்டு விடுவார்கள். இங்கேயும் மூன்று விட்டால் அழகுதான், ஆனால் ஒன்றுக்கொன்று விலகிப் போகிற தண்டுகளாகப் பாருங்கள்.

தேர்ந்தெடுத்த தண்டில் கீழ்க்கிளைகளை ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள். இரண்டாம் வருடம் இரண்டடி உயரம் வரை, மூன்றாம் வருடம் நாலடி வரை. அவசரப்பட்டு ஏற்றினால் தண்டு பருக்காமல் அகத்திக்குச்சி மாதிரி வளைந்து, ஆடிக்காற்றில் முறியும்.

தண்டு ஏழடி வந்ததும் நுனியை வெட்டுங்கள். இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக வரும். ஒரு ஜோடிக்கு மேலே கால் அங்குலம் விட்டு வெட்டினால் இரண்டு கிளை பிரியும். அந்த இரண்டும் ஒன்றரை அடி வந்ததும் அவற்றையும் வெட்டினால் நாலு. இப்படி ஒரு குடைக்கம்பி அமைப்பு வந்தபிறகு, ஒவ்வொரு தை மாதமும் போன வருடத்துக் குச்சியை அரையடி மட்டும் விட்டுக் கவாத்துச் செய்தால் போதும். புதுக்குச்சியின் நுனியில்தான் பூ வரும், அந்தப் பூக்கொத்தின் கனத்தில் நுனி தானாகவே தொங்கும். நீங்கள் கேட்ட குடை அதுதான்.

ஆடி பிறந்தபின் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். ஆவணியிலிருந்து பூக்க வேண்டிய மொட்டையெல்லாம் நீங்களே வெட்டிப்போட்டதாகும்.

உரம்

கவாத்து முடிந்ததும் ஐந்து கிலோ மக்கிய உரம், 200 கிராம் வேப்பம் புண்ணாக்கு. ஆனிக் கடைசியில் அதில் பாதி. அவ்வளவுதான். யூரியா போட்டால் இலைதான் வரும், பூ வராது.

முன்னே சொன்ன மஞ்சள் கொழுந்து வந்தால் நாட்டுமருந்துக் கடையில் அன்னபேதி கிடைக்கும். இரும்பு சல்பேட்டின் பழைய பெயர் அது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் கரைத்து, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, வடிகட்டிச் சாயங்காலம் இலையில் தெளியுங்கள். பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை. தரையில் சிந்தினால் துருக்கறை போகாது, வெள்ளை மார்பிள் வீட்டுக்காரர்கள் கவனம்.

பூச்சியும் பயமும்

மழைக்காலத்தில் கம்பளிப்புழு வரும். பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும், அதுதான் நமக்கு வசதி. நீளக் குச்சியில் துணி சுற்றிச் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளிவிடுங்கள். கையில் பட்டால் அரிப்பு தாங்காது. மாவுப்பூச்சிக்கு முதலில் குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துப் பாருங்கள். போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கூட ஒரு சொட்டுச் சோப்புக் கரைசல்.

மாசி, பங்குனியில் இலை பழுத்து உதிர்ந்து மரம் எலும்பும் தோலுமாக நிற்கும். பட்டுவிட்டது என்று நினைத்துத் தண்ணீரை இரண்டு மடங்காக்காதீர்கள். குச்சியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் அது தூங்குகிறது. சித்திரை மழை ஒன்று விழட்டும்.

மண்ணே இல்லாத வீட்டுக்கு

நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்து, அடியில் ஆறேழு துளை போட்டு, செங்கல்மேல் தூக்கி வைத்தால் மாடியிலும் வளரும். ஆறடிக்குள் நிற்கும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை தை மாதத்தில் சாய்த்து எடுத்து, ஓரத்து வேரை இரண்டு அங்குலம் சீவிவிட்டுப் புதுமண் நிரப்ப வேண்டும். கோடையில் டிரம்மைச் சுற்றி ஈரச் சாக்குக் கட்டுங்கள், இல்லாவிட்டால் மேற்கு வெயில் வேரை அவித்துவிடும்.

பூ பொறுக்குவது

இரண்டாவது அல்லது மூன்றாவது ஆவணியில் முதல் பூ வரும். தரையில் விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கமாட்டோம், இதற்கு விலக்கு உண்டு. இருந்தாலும் இரவு படுக்கும்முன் மரத்தடியில் பழைய பருத்திச் சேலையை விரித்துவிடுவது நல்லது. நல்ல பட்டுச் சேலையை விரித்துவிடாதீர்கள், ஆரஞ்சுக் காம்பு கசங்கினால் சாயம் ஏறும். அந்தக் காலத்தில் துணிக்குக் காவிநிறம் ஏற்ற இந்தக் காம்பையும் பயன்படுத்தினார்கள்.

எங்கள் தெருவில் ஒரு ஆச்சி ஐந்தரைக்கே ஓலைப்பெட்டியோடு வந்துவிடுவார்கள். ஆறு மணிவரைக்கும் மேலேயிருந்து ஒவ்வொன்றாக, சுற்றிக்கொண்டே விழும். ஏழு மணிக்கு வெயில் ஏறிவிட்டால் சேலையில் கிடப்பதெல்லாம் துவண்டுபோயிருக்கும், அதற்குமுன் அள்ளிவிடுங்கள்.